பிறவி ஈற்றுக்கட்டி: நியூமன் காலம் முதல்

பிறந்த குழந்தையின் வாயிலிருந்து சிவந்த சதைக்கட்டி ஒன்று வெளியே துருத்திக்கொண்டிருந்தால், பெற்றோர் முதலில் அஞ்சுவது புற்றுநோயைத்தான். அவ்வாறு காணப்படும் கட்டிகளுள் ஒன்று பிறவி ஈற்றுக்கட்டி. இது மிக அரிதானது, தீங்கற்றது. மருத்துவ நூல்கள் இதனை 'எபியூலிஸ்' என்கின்றன. 'ஈற்றின் மேல் இருப்பது' என்பது அக்கிரேக்கச் சொல்லின் பொருள்.

1871இல் இதனை முதலில் விவரித்தவர் பிரான்ஸ் எர்ன்ஸ்ட் கிறிஸ்டியன் நியூமன். பிரஷ்யாவின் கோனிக்ஸ்பெர்க் நகரில் (இன்றைய ரஷ்யாவின் கலினின்கிராட்) நோயியல் பேராசிரியராக இருந்தவர். இரத்த அணுக்கள் எலும்பு மஜ்ஜையில் உருவாகின்றன என்று 1868இல் அறிவித்தவரும் இவரே. அப்பெரும் கண்டுபிடிப்பு ஒருபுறமிருக்க, இச்சிறு கட்டியும் 'நியூமன் கட்டி' என்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

கட்டி பெரும்பாலும் மேல்தாடையின் முன்பகுதியில், காம்புடன் தொங்கும். ஆண் குழந்தைகளைவிடப் பெண் குழந்தைகளுக்கு ஏறத்தாழ 8 முதல் 10 மடங்கு மிகுதியாக வருகிறது. பிறந்தபின் பொதுவாக வளர்வதில்லை. இவ்விரண்டையும் கண்டு, தாயின் ஹார்மோன்களே காரணம் என எண்ணினர். ஆனால் அந்த ஹார்மோன்களை ஏற்கும் புரதங்கள் கட்டியின் செல்களில் பொதுவாகக் காணப்படுவதில்லை. காரணம் இன்னும் புதிராகவே உள்ளது.

1926இல் ரஷ்ய நோயியலாளர் அப்ரிகோசோவ், நாக்கில் தோன்றும் குருணை செல் கட்டியை விவரித்தார். நுண்ணோக்கியில் இரண்டும் ஒன்றுபோலத் தெரிந்ததால் குழப்பம் நேர்ந்தது. பிற்காலத்தில் வந்த எஸ்-100 புரதச் சோதனை அதனைத் தீர்த்தது: அப்ரிகோசோவ் கட்டியில் அப்புரதம் உண்டு, பிறவி ஈற்றுக்கட்டியில் இல்லை.

சிகிச்சையைத் தீர்மானிப்பது கட்டியின் அளவு. பால் குடிக்கவோ மூச்சுவிடவோ தடையானால் காம்போடு வெட்டி எடுப்பர். புற்றுநோய்க்குச் செய்வதுபோல் சுற்றியுள்ள ஈற்றையும் எலும்பையும் சேர்த்து அகற்றத் தேவையில்லை. அவ்வாறு செய்தால் உள்ளே வளரும் பல்முளைகளுக்கே கேடு. சிறிது எஞ்சினாலும் கட்டி மீண்டும் வளர்வதில்லை என்பது மருத்துவர்களின் அனுபவம். இடையூறு தராத சிறு கட்டிகள் தாமாகவே சுருங்கி மறைந்ததும் உண்டு. ஆகவே, அத்தகைய குழந்தையை மயக்க மருந்துக்கு உட்படுத்தாமல் மருத்துவர் கண்காணிப்பில் வைத்துக் காத்திருக்கலாம்.

இப்போது கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் எடுக்கும் ஸ்கேனிலேயே பெரிய கட்டிகள் தெரிந்துவிடுகின்றன. மூச்சுப்பாதை அடைபடும் என்று தோன்றினால் அறுவை மருத்துவர், மயக்க மருந்து மருத்துவர், குழந்தை மருத்துவர் ஆகியோர் பிரசவ அறையில் முன்கூட்டியே ஆயத்தமாக இருப்பர். சிலவேளைகளில், தொப்புள்கொடியை வெட்டுமுன்பே குழந்தையின் மூச்சுக்குழாயில் குழல் செலுத்தப்படுகிறது.