ஆனையிறவு: செத்த இடமா, கடந்த இடமா?

பரந்தனைத் தாண்டி ஏ-9 வீதியில் வடக்கே போனால், வன்னிப் பெருநிலத்தையும் யாழ்ப்பாணக் குடாநாட்டையும் தொடுக்கும் ஒடுங்கிய நிலம் வரும். சுற்றிவரக் கடனீரேரியும் உப்பளமும். ஆனைகள் செத்துக் கிடந்த இடம் என்பதால்தான் ஆனையிறவு என்று சொல்பவர்கள் உண்டு. 1991, 2000, 2009 என்று அடுத்தடுத்து அங்கே நடந்த சண்டைகளில் பிள்ளைகளைப் பறிகொடுத்த சனத்துக்கு, இறவு என்றதும் சாவு நினைவில் வருவது இயல்பு. ஆனால் பெயர் அந்தச் சண்டைகளுக்கு மிக முந்தியது.

துற என்பதிலிருந்து துறவு வந்ததுபோல, இற என்பதிலிருந்து இறவு. இறத்தலுக்குப் பழைய பொருள் கடத்தல். இலக்கணத்தில் இறந்த காலம் என்கிறோமே, அது கடந்துபோன காலம். எண்ணிறந்த மக்கள் என்றால் எண்ணிக்கையைக் கடந்த மக்கள். அளவிறந்த அன்பும் அப்படித்தான். சாவை வாய்விட்டுச் சொல்ல மனம் வராதவர்கள், ஒருவர் 'கடந்துபோய்விட்டார்' என்ற கருத்தில் 'இறந்தார்' என்றார்கள். இப்படிப் பேசுவதை நன்னூல் மங்கலம் என்கிறது. ஆங்கிலத்தில் 'பாஸ்ட் எவே' என்பதற்குள்ளும் இதே தயக்கம், இதே கடத்தல். தமிழிலோ அந்த மங்கலச் சொல்லே நாளடைவில் சாவின் நேர்ச்சொல்லாகி, மூலப் பொருளை மூடிவிட்டது. ஊர்ப்பெயரிலோ அது பத்திரமாக இருந்திருக்கிறது. 'எலிபன்ட் பாஸ்' என்ற ஆங்கிலப் பெயரும் ஆனை கடக்கும் வழியைத்தான் சொல்கிறது. ஆனையிறவை 'ஆனையிரவு' என்று சின்ன ரகரம் போட்டு எழுதுவதைக் காணும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை. அந்த ஓரெழுத்தில்தான் பெயரின் வரலாறே இருக்கிறது.

கடந்தவை வெறும் காட்டு ஆனைகளும் அல்ல. வன்னிக் காடுகளில் ஆனை பிடிப்பது அந்தக் காலத்தில் பெரிய தொழில். வன்னியர்கள் ஒல்லாந்தருக்குத் திறையாகக் கட்டியதும் ஆனைகளைத்தான். பிடித்துப் பழக்கியவற்றை ஆழமில்லாத இந்த நீர்ப்பரப்பு வழியே குடாநாட்டுக்கு ஓட்டிப்போய், இந்திய வணிகர்களுக்கு விற்றார்கள். கப்பலேற்றிய துறை ஊர்காவற்றுறை. அதற்குக் கைட்ஸ் என்ற மறுபெயர் போர்த்துக்கேயர் விட்டுப்போனது. அவர்கள் மொழியில் கப்பல்துறை மேடைக்கு வழங்கிய சொல், ஆனைத்துறை என்ற பொருளில் அவ்விடத்துக்குப் பெயராகி, பிறகு முன்பாதி மட்டும் நிலைத்துவிட்டது.