கள்ளியை வென்ற அழுகல்

தொட்டியில் வளரும் கள்ளி அழுகினால் யாது செய்வது என்று மாணவ நண்பர்கள் சிலர் என்னை வினவுவதுண்டு. விடை கூறுமுன் ஆஸ்திரேலிய வரலாறு ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன்.

அமெரிக்கக் கண்டத்திலிருந்து சென்ற சப்பாத்திக்கள்ளி, 1925-ஆம் ஆண்டளவில் அந்நாட்டில் ஏறத்தாழ 6 கோடி ஏக்கர் நிலத்தைக் கவர்ந்துகொண்டது. உழவர் பலர் நிலம் துறந்து வெளியேறினர். அவ்வாண்டில் அர்ஜென்டினாவிலிருந்து 'காக்டோபிளாஸ்டிஸ்' என்னும் அந்துப்பூச்சி வருவிக்கப்பட்டது. அதன் புழுக்கள் மடல்களைத் துளைத்து உட்சதையைத் தின்றன. துளை வழியே கிருமிகள் புகுந்தன. மடல்கள் குழைந்து அழுகிச் சரிந்தன. சில ஆண்டுகளில் நிலம் மீண்டது. குவீன்ஸ்லாந்தின் பூனார்கா என்னும் ஊரில் 1936-இல் அப்பூச்சியின் பெயரால் ஒரு மண்டபமே எழுந்தது.

வறட்சிக்கு அஞ்சாத கள்ளி, காயத்தின் வழி வந்த அழுகலுக்குத் தோற்றது. தொட்டியிலும் அஃதே. நீர் வடியாத மண்ணில் வேர் நலிய, கிருமி புகுகின்றது. அடித்தண்டு மென்மையாகிப் பழுப்பேறுதல் அதன் அறிகுறி. ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியைத் தூய்மை செய்து, வெட்டுவாயில் கறை சிறிதும் இராதவாறு நல்ல சதை வரை அறுத்திடுக. மிஞ்சிய பகுதியை நிழலில் பல நாள் உலர்த்தி, காயம் காய்ந்து தோல் கட்டிய பின்னரே மணல் மிகுந்த மண்ணில் நடுக. கள்ளிக்கு ஈரத்தினும் காற்றே நன்மருந்து.