இலினாய் நிலக்கரி வயல்களில் இரு சங்கங்களின் போர்

அமெரிக்காவின் இலினாய் மாநில நிலக்கரித் தொழிலாளர்கள் 1932-இல் இரண்டு சங்கங்களாகப் பிரிந்தார்கள். அடுத்த ஐந்தாண்டுகள் அங்கே துப்பாக்கிச் சூடும் குண்டுவெடிப்பும் ஓயவில்லை. ஒரே சுரங்கத்தில் வேலை பார்த்தவர்கள், ஒரே தெருவில் குடியிருந்தவர்கள்தான் எதிரெதிராக நின்றார்கள்.

1890-இல் பிறந்த ஐக்கிய சுரங்கத் தொழிலாளர் சங்கத்துக்கு இலினாய் வலுவான கோட்டை. 1898-இல் விர்டன் நகரில் ஒரு நிறுவனம் வெளியூரிலிருந்து ஆட்களை ரயிலில் இறக்கிச் சுரங்கத்தை நடத்தப் பார்த்தபோது, தொழிலாளர்கள் உயிரைக் கொடுத்துத் தடுத்தார்கள். சங்கத் தலைவர் ஜான் எல். லூயிஸும் இதே மாநிலத்தில் பனாமா என்ற சிற்றூரின் கிளையிலிருந்து மேலே வந்தவர்.

1920-களில் நிலைமை மாறியது. சங்கமே இல்லாத தென்பகுதிச் சுரங்கங்களின் கரி மலிவாக விற்றது. கரி அள்ளும் இயந்திரங்கள் ஆட்களின் வேலையைப் பறித்தன. 1924-இல் 7.50 டாலராக இருந்த நாள்கூலி 1928-இல் 6.10 ஆனது. 1932-இல் பெருமந்தத்தின் நடுவே அதை 5 டாலராக்கச் சங்கத் தலைமையே ஒப்புக்கொண்டது. ஜூலையில் நடந்த வாக்கெடுப்பில் தொழிலாளர்கள் அதை நிராகரித்தார்கள். ஆகஸ்டில் மறுபடியும் வாக்கெடுப்பு நடந்தது. முடிவு வெளிவருவதற்குள், வாக்கு எண்ணிக்கைத் தாள்கள் ஸ்பிரிங்ஃபீல்டில் பறிபோயின. நெருக்கடிநிலை என்று சொல்லி லூயிஸ் 5 டாலர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். தோற்றுவிடுவோம் என்று தெரிந்துதான் தாள்களை மறைத்துவிட்டார்கள் என்று தொழிலாளர்கள் கொதித்தார்கள்.

அவர்கள் வேலையை நிறுத்தினார்கள்; தெற்கே ஃபிராங்க்ளின் மாவட்டச் சுரங்கங்கள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தன. அவற்றை நிறுத்தச் சொல்லிக் கேட்க, ஆகஸ்ட் 24 அன்று பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் கார்களிலும் லாரிகளிலும் அணிவகுத்துப் போனார்கள். மல்கீடவுன் அருகே போலீசாரும் அவர்களோடு சேர்ந்த ஆயுதக் கும்பலும் சுட்டும் அடித்தும் அவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். ஒரு வாரம் கழித்து, செப்டம்பர் 1 அன்று, கில்லெஸ்பி நகரில் முற்போக்குச் சுரங்கத் தொழிலாளர் சங்கம் உருவானது.

புதிய சங்கம் சிறிய நிறுவனங்களோடு செய்துகொண்ட ஒப்பந்தத்திலும் நாள்கூலி அதே 5 டாலர்தான். ஆகவே இது கூலிக்கான சண்டை மட்டும் என்று சொன்னால் பாதி விஷயம் விட்டுப்போகும். தொழிலாளியின் ஓட்டுக்கு மதிப்பு உண்டா என்பதே அவர்களை உறுத்திய கேள்வி.

மிகப் பெரிய முதலாளியான பீபாடி நிறுவனம் பழைய சங்கத்தோடு மட்டுமே ஒப்பந்தம் வைத்துக்கொண்டது. அங்கே சங்கச் சந்தாவைக் கம்பெனியே கூலியிலிருந்து பிடித்துக்கொள்ளும். மனதார எதிர்த்த சங்கத்துக்கும் தொழிலாளி பணம் கட்டியாக வேண்டும். கட்டாதவனுக்கு வேலை கிடையாது. வேலைக்குப் போனவனை வெளியே நின்றவன் கருங்காலி என்றான். கிறிஸ்டியன் மாவட்டத்தில் தேசியக் காவல்படை இறங்கியது. 1933 ஜனவரியில் கின்கெய்டில் நடந்த துப்பாக்கிச் சூட்டில், சங்கச் சண்டையில் நேரடியாக இறங்காத ஒரு பெண்ணும் உயிரிழந்தார்.

பெண்கள் இந்தப் போராட்டத்தில் வெறும் துணையாக இருக்கவில்லை. ஆக்னஸ் பர்ன்ஸ் வீக் தலைமையில் அவர்களுக்குத் தனி அமைப்பு இருந்தது. 1933 ஜனவரி 26 அன்று ஏறத்தாழ பத்தாயிரம் பெண்கள் வெள்ளைச் சீருடையில் ஸ்பிரிங்ஃபீல்டு தெருக்களில் ஊர்வலம் போய், ஆளுநர் ஹென்றி ஹார்னரிடம் சுரங்க ஊர்களில் நடக்கும் அடக்குமுறையை நிறுத்தக் கோரினார்கள். அந்தக் காலத்து அமெரிக்கத் தொழிற்சங்க வரலாற்றில் இதற்கு இணையான பெண்கள் திரட்சி அரிது.

சுரங்கத் தொழிலாளர்களுக்காகப் போராடிய மதர் ஜோன்ஸ் 1930-இல் இறந்தபோது, விர்டனில் மடிந்தவர்கள் உறங்கும் மவுண்ட் ஆலிவ் இடுகாட்டில்தான் அவரைப் புதைத்தார்கள். அங்கே முற்போக்கு சங்கம் அவருக்குக் கருங்கல் நினைவுச்சின்னம் எழுப்பியது. 1936 அக்டோபரில் நடந்த திறப்பு விழாவுக்கு ஏறக்குறைய 50,000 பேர் வந்தார்கள்.

ஆனால் சங்கம் தேய்ந்துகொண்டுதான் இருந்தது. கரி ரயில்களுக்கும் பாலங்களுக்கும் குண்டு வைத்த வழக்கில் 1937 டிசம்பரில் அதன் உறுப்பினர்கள் 36 பேர் குற்றவாளிகள் என்று கூட்டாட்சி நீதிமன்றத்தில் தீர்ப்பானது. எதிர்த்தரப்பின் வன்முறைக்கு அப்படியொரு பெரிய வழக்கு நடக்கவில்லை. ஒருதலைப்பட்சம் என்ற முற்போக்காளரின் குமுறலில் நியாயம் இருந்தது. 1938-இல் அமெரிக்கத் தொழிலாளர் கூட்டமைப்பு அவர்களைச் சேர்த்துக்கொண்டது. அதிலிருந்து முன்பே விலகியிருந்த லூயிஸின் சங்கம் 1946-இல் அந்தக் கூட்டமைப்புக்கே திரும்பியதும் அந்த ஆதரவும் போனது. சில சுரங்கங்களில் மட்டும் பேர் நிலைத்த முற்போக்கு சங்கம் 1999-இல் கலைக்கப்பட்டது.