எந்த முறை, எந்த நிலை?

பாட்டில் நிரப்பும் மெஷின் நிற்கிறது. ஏன் என்று கேட்டால் இரு வகையாகப் பதில் வரலாம்: "மெயின்டனன்ஸில் போட்டிருக்கிறது" அல்லது "காலி பாட்டில் வரவில்லை." முதல் பதில் மோட் எனப்படும் இயக்க முறையைச் சொல்கிறது, அடுத்தது ஸ்டேட் எனப்படும் நிலையை. மெஷினைக் கட்டுப்படுத்தும் பிஎல்சி கணினியின் நிரலில் இவ்விரண்டையும் கலந்து எழுதினால் தொல்லைதான்.

முறையைத் தேர்ந்தெடுப்பவர் மனிதர். சாவி போட்ட செலக்டர் சுவிட்சைத் திருப்பி, மெஷின் யார் சொல்லுக்கு நடக்க வேண்டும் என்று தீர்மானிக்கிறார். உற்பத்தி முறையில் கன்வேயரும் வால்வும் நிரலின் வரிசைப்படி நகரும். மேனுவலில் ஒவ்வொன்றும் ஆபரேட்டரின் பொத்தானுக்குக் காத்திருக்கும். நிலையோ, கட்டளையையும் சென்சார் தகவலையும் பொறுத்து மெஷின் வந்து சேரும் கட்டம். ஷிப்ட் முழுக்க முறை ஒன்றாகவே இருக்கலாம். அதற்குள் நிலை பலமுறை மாறிவிடும்.

பேக்கேஜிங் மெஷின்களுக்கான பேக்எம்எல் இந்தப் பிரிவினையைத் தெளிவாக வரையறுக்கிறது. 2008-ல் ஐஎஸ்ஏ அமைப்பின் தொழில்நுட்ப அறிக்கையாக வெளிவந்த அது 17 நிலைகளைத் தருகிறது. உற்பத்தி, பராமரிப்பு, மேனுவல் ஆகியவை அதன் அடிப்படை முறைகள். மெஷின் செய்பவர் மேலும் சேர்த்துக்கொள்ளலாம். ஒரே முறைக்குள் நிற்பதிலும் அது வேறுபாடு காண்கிறது. மூடி தீர்ந்துபோவது போல மெஷினுக்குள்ளேயே காரணம் இருந்தால் 'ஹெல்ட்'. முந்தைய மெஷினிலிருந்து பாட்டில் வராவிட்டால் 'சஸ்பெண்டட்'. உற்பத்தி இழப்பை யார் கணக்கில் எழுதுவது என்பதற்கு இது உதவும்.

'உற்பத்தி ஓட்டம்', 'மேனுவல் ஓட்டம்' என்று எல்லாவற்றையும் ஒரே பட்டியலாக்கினால் 3 முறையும் 17 நிலையும் பெருகி 51 வரை போகும். பிறகு கழுவும் முறை ஒன்று வந்தால் இன்னும் 17. பிரித்து எழுதியிருந்தால், புதிய முறைக்கு எந்தெந்த நிலைகள் வேண்டும் என்று குறித்தால் போதும்.

தனித்தனி என்றாலும் ஒன்றையொன்று கட்டுப்படுத்துபவை இவை. எந்த நிலைகள் இருக்கும் என்பதை முறை தீர்மானிக்கிறது. முறையை எப்போது மாற்றலாம் என்பதை நிலை தீர்மானிக்கிறது. ஓட்டத்தின் நடுவே மாற்ற விடாமல், 'ஸ்டாப்ட்', 'ஐடில்' போன்ற அசைவற்ற நிலைகளில் மட்டும் அனுமதிப்பதே வழக்கம். மெஷின்களின் மின் பாதுகாப்புத் தரமான ஐஇசி 60204-1 இன்னொரு காப்பும் வைக்கிறது: முறையைத் தேர்ந்தெடுத்த மாத்திரத்தில் மெஷின் ஓடத் தொடங்கக் கூடாது; ஆபரேட்டர் தனியாக ஸ்டார்ட் கொடுக்க வேண்டும். இரண்டையும் ஒரே மாறியில் வைத்த நிரலில், சுவிட்சைத் திருப்புவதே ஸ்டார்ட் ஆகிவிடக்கூடும்.