மதுரைச் சமவெளியில் தொடக்கப் பள்ளிச் சூழற்கல்வி

தொடக்கப் பள்ளிச் சூழற்கல்வி என்பது, ஐந்து முதல் பத்து வயது வரையுள்ள மாணாக்கர், தாம் பிறந்து வளரும் இடத்து மண்ணையும் நீரையும் மரத்தையும் பறவையையும் பயிரையும், வகுப்பறைச் சுவருக்கு அப்பால் சென்று, பிரத்தியட்சமாகக் கண்டும் எண்ணியும் வளர்த்தும் குறித்தும் கற்கும் முறையாகும். மதுரை மாநகரிலும், அதனைச் சூழ்ந்த மேலூர், திருமங்கலம், வாடிப்பட்டி, உசிலம்பட்டி வட்டாரங்களிலும் இம்முறைக்கு முக்கால் நூற்றாண்டுக்கு மேற்பட்ட சரித்திரம் உண்டு. அச்சரித்திரத்தை ஊன்றி நோக்குவோர்க்கு ஓர் உண்மை புலனாகும்: இப்பிரதேசத்தில் இக்கல்வியின் வெற்றி தோல்விகளை நிர்ணயிப்பது பாடநூலோ சுற்றறிக்கையோ அன்று, பருவ காலமே.

258 கிலோமீட்டர் ஓடும் வைகை, ஆண்டின் பெரும்பகுதியில் மணலாகவே காட்சியளிப்பது. மதுரை வட்டாரம் ஓர் ஆண்டில் பெறும் மழை சுமார் 850 மில்லிமீட்டர். அதில் ஏறக்குறையப் பாதி, ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களில் வடகிழக்குப் பருவக்காற்றினால் வந்து சேர்வது. அம்மழையையும், 1895-இல் நிறைவேறிய பெரியாறு அணைத் திட்டத்தின் வாயிலாக மலை கடந்து வரும் நீரையும் தேக்கி வைப்பதற்கென்று முன்னோர் வெட்டிய கண்மாய்களே இச்சமவெளியின் ஜீவநாடி. ஆகவே ஒரு கிராமத்துத் தொடக்கப் பள்ளிக்குக் கண்மாய்க்கரை நடந்து செல்லும் தூரத்திலேயே அமைந்திருப்பது இங்கே சர்வ சாதாரணம்; அதனைக் கல்விச் சாலையாகக் கொள்வதுதான் அசாதாரணம்.

வகுப்பை வெளியே கொண்டு செல்லும் எண்ணம் புதிதன்று. தாகூர் 1901-இல் சாந்திநிகேதனத்தில் மரநிழலிலே பாடசாலை அமைத்தார். சென்னை மாகாணத்து நகரங்களை ஆராய்ந்து 1915-இல் மதுரையைக் குறித்தும் ஓர் அறிக்கை வரைந்த ஸ்காட்லாந்து அறிஞர் பாட்ரிக் கெடிஸ், இதயம், கை, தலை ஆகிய மூன்றும் ஒருங்கே பயில வேண்டும் என்றும், தன் ஊரைக் காலால் நடந்து கண்ணால் அளந்தறிவதே கல்வியின் ஆரம்பம் என்றும் கொள்கையுடையவர். 1937 அக்டோபரில் வார்தாவில் கூடிய மகாநாட்டின் பயனாகத் தோன்றிய காந்தியடிகளின் ஆதாரக் கல்வி, தோட்டத்தையும் தொழிலையும் பாடத்தின் நடுவிலேயே வைத்தது.

அவ்வாதாரக் கல்வியின் காற்று மதுரைச் சீமையில் இரண்டு ஸ்தாபனங்களின் வழியாக வலுவாக வீசிற்று. டி. கல்லுப்பட்டியில் 1940-இல் ஜி. வேங்கடாசலபதியால் நிறுவப்பெற்ற காந்தி நிகேதன் ஆசிரமம் ஒன்று. அப்போது மதுரை மாவட்டத்தைச் சார்ந்திருந்த சின்னாளபட்டிக்கு அருகில் 1947-இல் டாக்டர் சௌந்திரமும் ஜி. இராமச்சந்திரனும் தோற்றுவித்த காந்திகிராமம் மற்றொன்று. இயற்கையின் இருப்பை அழிக்காது வாழும் பொருளாதாரத்தைப் பற்றி 1945-இல் நூல் வெளியிட்ட ஜே.சி. குமரப்பா, தம் வாழ்வின் இறுதி ஆண்டுகளைக் கல்லுப்பட்டியிலேயே கழித்து 1960 ஜனவரி 30 அன்று மறைந்தார். சுற்றுச்சூழல் என்னும் சொற்றொடர் பள்ளிகளில் வழங்கத் தொடங்குமுன்பே, குப்பை எருவாவதும், கிணற்று நீர் அளவோடு இறைக்கப்படுவதும் ஒழுக்கத்தோடு இணைந்த பாடமாக அவ்விடங்களில் கற்பிக்கப்பட்டன.

இத்துணை நல்ல தொடக்கம் ஊரெங்கும் பரவாமைக்குக் காரணம் என்னை? பொருட்குறையும் ஆசிரியர்ப் பயிற்சிக் குறையும் உண்டு. எனினும் பெருங்காரணம் ஓர் அரசியல் நிகழ்ச்சி என்றே கருத வேண்டியிருக்கிறது. 1953-இல் இராஜாஜியின் அரசாங்கம், தொடக்கப் பள்ளி நேரத்தைச் சுருக்கி, எஞ்சிய பொழுதில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பயில வேண்டும் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. அது குலக்கல்வித் திட்டம் என்று எதிர்க்கப்பெற்று, 1954-இல் காமராசர் முதலமைச்சராகியதும் கைவிடப்பட்டது. தலைமுறை தலைமுறையாக எழுத்து மறுக்கப்பட்ட குடும்பங்கள், புத்தகத்தை மூடி வைத்துவிட்டு மண்வெட்டி எடு என்னும் எந்த உபதேசத்தையும் சந்தேகக் கண்ணோடு நோக்கியதில் அநியாயம் யாதொன்றும் இல்லை. இன்றைக்கும் ஒரு பள்ளியில் வெளிக்கல்வி தொடங்கும் உபாத்தியாயர், அது படிப்பைக் குறைப்பதன்று, படிப்பேதான் என்பதனைப் பெற்றோர்க்கு முதலில் மெய்ப்பிக்க வேண்டியவராகிறார். கண்மாயிலிருந்து திரும்பிய பிள்ளை அன்று மாலையே தான் கண்டதை எழுதிக் காட்டுமாயின், அதனினும் சிறந்த சாட்சியம் வேறில்லை.

பிற்காலத்து ஏற்பாடுகளை விரைவாகவே கூறிவிடலாம். வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1991-இல் சூழற்கல்வி கட்டாயமாதல் வேண்டும் என்று பணித்தது. 2001-இல் மத்திய அரசு தேசியப் பசுமைப் படையைத் தொடங்கிற்று. இதன் மன்றங்கள் பெரும்பாலும் நடுநிலை, உயர்நிலைப் பள்ளிகளையே சார்ந்தமையால், ஐந்தாம் வகுப்புக்குட்பட்ட சிறார் பேரணியில் பதாகை ஏந்துவோராக மாத்திரம் நின்றுவிட்டனர். சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003-இல் தொடங்கி, 2007-08 கல்வியாண்டில் மாநிலம் முழுவதும் விரிவாக்கப்பட்ட செயல்வழிக் கற்றல், பிள்ளைகளை வரிசையிலிருந்து விடுவித்துத் தரையில் வட்டமாக அமர்த்தியது. ஆயினும் அதன் பாட அட்டைகள் அறையைவிட்டு வெளியேறியது குறைவு. தமிழ்நாட்டில் முதலிரண்டு வகுப்புகளுக்குச் சூழ்நிலையியல் பாடநூல் உண்டு. மூன்றாம் வகுப்பிலிருந்து அது அறிவியலாகவும் சமூக அறிவியலாகவும் பிரிந்துவிடுகிறது. கண்மாயை எடுத்துக்கொண்டால், அதிலுள்ள தவளை ஒரு நூலுக்கும் அதனை வெட்டிய ஊர் மற்றொரு நூலுக்கும் உரியனவாகிவிடுகின்றன.

இனிப் பருவ காலத்துக்கு வருவோம். நம் பள்ளியாண்டு ஜூனில் பிறப்பது, உலகச் சுற்றுச்சூழல் தினம் ஜூன் 5, 1950-இல் கே.எம். முன்ஷி தொடங்கிவைத்த மரநடு விழாவாகிய வனமகோத்சவம் ஜூலை மாதத்தது. இவையாவும் தென்மேற்குப் பருவமழை பெறும் தேசங்களுக்குப் பொருத்தமானவை. மதுரையிலோ அவ்விரு மாதங்களும் வெயிலும் வறண்ட காற்றும் ஆட்சி புரியும் காலம். விழாவன்று அதிகாரிகள் முன்னிலையில், புகைப்படத்துக்கு நடுவே நடப்படும் வேம்பும் புங்கனும், ஆடிக் காற்றில் அலைக்கழிந்து, அவற்றுள் எஞ்சியவை அடுத்த மே விடுமுறையில் நீரூற்றுவாரின்றிக் காய்ந்து போகின்றன. மறு ஜூனில் அதே குழியில் வேறொரு கன்று நடப்படுவதும் உண்டு. இதில் பிள்ளைகளின் சிரத்தைக்கு யாதொரு குறைவும் இல்லை. பஞ்சாங்கம் பார்த்தவர்கள் ஊரைப் பார்க்கவில்லை என்பதே குறை.

இவ்வூரின் உழவரைக் கேட்டால் வேறொரு கால அட்டவணை கிடைக்கும். கிணற்றுநீரோ குழாய்நீரோ உள்ள பள்ளியில் ஆடிப்பட்டத்தில் அவரையும் பாகலும் பீர்க்கும் ஊன்றினால், அரையாண்டுத் தேர்வுக்கு முன்னரே மதிய உணவுக்கூடத்துக்குக் காய் கிடைக்கும். திருமங்கலத்துக் கரிசலில் மானாவாரி விதைப்பு புரட்டாசியில் நிகழ்வது. அம்மாதமே பனம்பழம் உதிர்ந்து கொட்டை பொறுக்கத் தோதான மாதமும் ஆகும். பனைவிதை ஊன்றுவதைவிடச் சிறார்க்கு உகந்த மர நடவு இல்லையென்றே சொல்லலாம்: நாற்றங்கால் வேண்டா, கூண்டு வேண்டா, கரையில் அரையடிப் பள்ளமும் வரப்போகும் மழையும் போதும். 2021-இல் தமிழக வேளாண் நிதிநிலை அறிக்கை 76 லட்சம் பனை விதைகளை வழங்குவதாக அறிவித்தபின், பள்ளிகளிலும் இவ்வழக்கம் ஓரளவு பரவியது. மரக்கன்று நடவேண்டுமாயின் ஐப்பசியில் நடுவதே உசிதம். ஆறு மாத காலம் வேரோடிய பின்னரே அக்கன்று கோடையின் முகத்தைக் காணும். ஆட்டின் வாயிலிருந்து அதனைக் காக்கச் சீமைக் கருவேல முள்ளைச் சுற்றிக் கட்டுவது ஊர் வழக்கம். நீதிமன்ற ஆணையின் பேரில் ஒழிக்கப்பெற்று வரும் அம்மரம் புரியும் ஒரே நற்காரியம் இதுவாக இருக்கலாம்.

கண்மாய் நிறைந்து மறுகால் பாயும் மாதங்களில் அதனை அண்டிப் பயிலும் பாடம் மிக வளமானது. வரத்துக்கால் எங்கிருந்து வருகிறது, மடை எத்தனை, கலிங்கு எவ்வளவு உயரத்தில் அமைந்துள்ளது, மிகை நீர் அடுத்து எந்த ஊர்க் கண்மாய்க்குப் போய்ச் சேர்கிறது என்னும் வினாக்களுக்கு விடை, ஊரின் நீர்பாய்ச்சியிடம் உண்டு. அவரை அழைத்து வந்து கரைமீது நிறுத்திப் பேசச் செய்யும் ஆசிரியர், கணிதமும் பூகோளமும் சரித்திரமும் ஒரு பொழுதில் நடத்தியவராவார். கரையில் ஒரு கோலை நாட்டி வாரம் ஒருமுறை நீர்மட்டத்தைக் குறித்து வந்தால், பங்குனியில் வரைபடம் ஒன்று தானாகவே உருவாகியிருக்கும். தை மாதத்தில் பறவைகள் திரள்கின்றன. விமான நிலையத்துக்கு அணித்தாயுள்ள சாமநத்தம் கண்மாயில் கூழைக்கடாவும் மஞ்சள் மூக்கு நாரையும் நாமக்கோழியும் காணலாம். 2015 முதல் தமிழ்நாட்டில் பொங்கலையொட்டி நடைபெறும் பறவைக் கணக்கெடுப்பு, இப்பருவத்தோடு இயல்பாகப் பொருந்திய முயற்சியாகும். பத்துப் பெயர்கள் தெரிந்த பிள்ளையும் அதில் பங்குபெற இயலும். கோடையில் நீர் வற்றி, மேலூர்ப் பக்கத்துக் கிராமங்களில் மீன்பிடித் திருவிழா நடக்கும்போது, அதுவரை கண்ணுக்குப் புலப்படாதிருந்த அடித்தளம் பிள்ளைகளுக்குத் திறந்த புத்தகமாகிறது.

நகரத்துப் பள்ளிகளின் நிலைமை வேறு. பல மாநகராட்சித் தொடக்கப் பள்ளிகளில் நிலம் என்பது கொடிக்கம்பம் நிற்கும் முற்றம் மாத்திரமே. அத்தகைய இடங்களில் தொட்டிச் செடியும், சமையற்கழிவினின்று உரம் செய்தலும், 2019 ஜனவரி முதல் தடைசெய்யப்பட்ட பிளாஸ்டிக் பைகளுக்கு மாற்றாக மஞ்சப்பை தைத்தலும் செயல்திட்டங்களாகின்றன. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று தொடங்கப்பெற்றது மதுரை ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப் பள்ளியிலேதான். காலையும் மதியமும் உணவு சமைத்துப் பரிமாறப்படும் பள்ளியில் உரக்குழிக்குப் பொருள் தேடி அலைய வேண்டியதில்லை. வண்டியூர், மாடக்குளம் முதலிய கண்மாய்கள் நகரத்தின் ஓரத்திலேயே இருக்கின்றன. அங்கே செல்லுதல், அட்டையில் நீர்ச்சுழற்சிப் படம் ஒட்டுவதைவிட மேலானது.

நாட்பயணத்துக்கு ஏற்ற தலம் அரிட்டாபட்டி. மேலூர் வட்டத்தைச் சார்ந்த அவ்வூரும் மீனாட்சிபுரமும் அடங்கிய 193.42 ஹெக்டேர் நிலப்பரப்பு, 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதற் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. ஏழு குன்றுகளும் சுனைகளும், சமணர் படுகையும் தமிழிக் கல்வெட்டும், லகர் வல்லூறு முதலான வேட்டைப் பறவைகளும் ஒரே இடத்தில் அமைந்த பாக்கியம் வேறெங்கும் எளிதில் வாய்ப்பதன்று. அப்பகுதியை உள்ளடக்கிய நிலம் டங்ஸ்டன் சுரங்கத்துக்கென 2024-இல் ஏலம் விடப்பட்டபோது மேலூர்ச் சுற்றுக் கிராமங்கள் திரண்டெழுந்து, 2025 ஜனவரியில் அந்த ஏலம் ரத்தாகும் வரையில் ஓயவில்லை. அழகர்மலையை அடுத்துள்ள திண்டுக்கல் மாவட்டத்துக் காசம்பட்டிக் கோயில்காடும், 4.97 ஹெக்டேரே ஆயினும், 2025-இல் அத்தகைய அந்தஸ்தைப் பெற்றது.

நடைமுறையில் எஞ்சி நிற்கும் பிரச்சினை ஆசிரியர் தொகையே. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி அறுபது மாணாக்கர் வரையுள்ள தொடக்கப் பள்ளிக்கு ஆசிரியர் இருவர். அவருள் ஒருவர் நான்காம், ஐந்தாம் வகுப்பாரைக் கண்மாய்க்கு அழைத்துச் சென்றால், மற்றவர் மூன்று வகுப்புகளைத் தனியே காக்க வேண்டும். நீர் நிறைந்த கண்மாயில் ஓர் ஆசிரியரை மாத்திரம் நம்பிப் பிள்ளைகளை இறக்குவதும் ஆபத்து. ஆகவே இத்தகைய பள்ளிகளில் முழுப்பள்ளியும் ஒருங்கே கிளம்புவதே தக்கது: ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் கையைப் பற்றிக்கொள்ள, பள்ளி மேலாண்மைக் குழுவைச் சார்ந்த தாய்மார் இருவர் மூவர் உடன்வர, நீச்சலறிந்த பெரியவர் ஒருவர் கரையில் நிற்க, கரையை விட்டு இறங்குவதில்லை என்னும் நியதியோடு, காலை ஒன்பதரைக்குப் புறப்பட்டு, மதிய உணவு மணிக்குள் திரும்பிவிடுதல்.