அருங்காட்சியகமும் நமது கடமையும்

நமது கல்விச் சங்கம் வெள்ளி விழாக் காணும் இந்நன்னாளில், சங்க அலுவலகத்தின் மூலையில் கிடக்கும் தகரப் பெட்டியைப் பற்றி எழுத விரும்புகின்றேன். இரவுப் பள்ளியின் வருகைப் பதிவேடுகளும், விடுதி வேண்டி அனுப்பிய விண்ணப்பங்களின் படிகளும், கால் ரூபாயும் அரை ரூபாயுமாகத் திரட்டிய நன்கொடைக் கணக்குகளும் அதனுள் இருக்கின்றன. அவற்றைக் குப்பை என்பார் உளர். நான் அவற்றை வரலாறு என்பேன். ஒரு சிறிய அருங்காட்சியகம் எவ்வாறு பொருள்களைச் சேர்க்கிறது, எவ்வாறு செலவுக்குப் பணம் காண்கிறது, எவ்வாறு அவற்றைக் காக்கிறது என்பதை அறிந்தால், அந்தப் பெட்டியை நாம் என்ன செய்ய வேண்டும் என்பதும் விளங்கும்.

சென்னை அரசு அருங்காட்சியகம் 1851-ஆம் ஆண்டில் தோன்றியது. சென்னை இலக்கியச் சங்கம் அளித்த ஏறத்தாழ 1,100 நிலவியல் மாதிரிகளே அதன் முதல் செல்வம். எட்வர்ட் பால்ஃபோர் என்னும் மருத்துவர் அதன் முதல் பொறுப்பாளர். ஒரு சங்கம் சேர்த்து வைத்த கற்களைக்கொண்டே நாட்டின் மிகப் பழைய அருங்காட்சியகங்களுள் ஒன்று எழுந்தது என்பதை நாம் மனத்திற்கொள்ள வேண்டும்.

பின்னர் 1878-ஆம் ஆண்டில் புதையல் சட்டம் வந்தது. மண்ணில் மறைந்து கிடந்து பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருள் எதுவாயினும், கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு அறிவிக்க வேண்டும் என்பது அதன் விதி. அரசு அதனை எடுத்துக்கொள்ள விரும்பினால், உலோகத்தின் மதிப்பும் அதன்மேல் ஐந்தில் ஒரு பங்கும் கொடுக்க வேண்டும். உழவனின் ஏர்முனையிலும் கிணறு வெட்டுவோரின் கடப்பாரையிலும் தட்டுப்பட்ட படிமங்கள் பல இச்சட்டத்தின் வழியாகவே அருங்காட்சியகங்களை அடைந்தன. நம் விழுப்புரம் பகுதியும் மண்ணுக்குள் செல்வம் நிறைந்ததுதான். எசாலத்தில் 1987-ஆம் ஆண்டு முதலாம் இராசேந்திர சோழனின் செப்பேடுகளும் செப்புத் திருமேனிகளும் வெளிப்பட்டதை அறியாதார் இலர்.

ஆனால் இங்கே ஒன்றைக் கூர்ந்து நோக்க வேண்டும். மண்ணில் புதைந்த பொருளுக்குச் சட்டம் உண்டு. நம் பெட்டியில் கிடக்கும் தாளுக்குச் சட்டம் இல்லை. அரசனின் கொடையைச் செப்பேடு கூறும். கடப்பாரை பிடித்த கையின் கதையை அது கூறாது. நம் பாட்டன் அடித்த பறையையும், நம் பாட்டி நாற்று நட்ட கூலிக்கு நெல் அளந்த படியையும் கொண்டுவந்து ஒப்படைக்குமாறு எந்த ஆட்சியரும் ஆணையிட மாட்டார். பறையை இழிவின் சின்னம் என்று விட்டெறிந்தவர்களும் நம்மில் உண்டு. கலை என்று ஏந்தியவர்களும் உண்டு. இரண்டுமே நம் வரலாறுதான். 1978-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் விழுப்புரத்தில் நம் மக்கள் 12 பேர் கொல்லப்பட்டனர். அந்நாளைய செய்தித்தாள் நறுக்குகளை வைத்திருக்கும் வீடுகள் இன்று எத்தனை?

இனிப் பணத்தைப் பற்றிப் பார்ப்போம். நுழைவுக் கட்டணத்தை மட்டும் நம்பி எந்தச் சிறிய அருங்காட்சியகமும் வாழ்வதில்லை. மாவட்ட அருங்காட்சியகங்களைத் தமிழ்நாடு அரசின் அருங்காட்சியகங்கள் துறை தன் நிதியிலிருந்து நடத்துகிறது. நம் பழைய தென்னார்க்காடு மாவட்டத்துக்கு உரியது 1989-இல் கடலூரில் அமைந்தது. 1993-இல் மாவட்டம் பிரிந்தபோது அது கடலூரின் பக்கமே நின்றுவிட்டது. பதிவு பெற்ற சங்கங்களும் அறக்கட்டளைகளும் நடத்தும் அருங்காட்சியகங்களுக்கு நடுவணரசின் பண்பாட்டு அமைச்சகம் மானியத் திட்டம் வைத்துள்ளது. ஆயினும் அது முழுச் செலவையும் ஏற்பதில்லை. ஒரு பங்கைச் சங்கமே திரட்ட வேண்டும். கணக்கு ஒழுங்காக இல்லாத சங்கம் அந்தக் கதவைத் தட்டவே இயலாது.

நாகபுரிக்கு அருகிலுள்ள சிச்சோலி நமக்கு நல்ல பாடம். 1956-இல் அண்ணல் அம்பேத்கர் பௌத்தம் தழுவிய விழாவை முன்னின்று நடத்திய வாமன்ராவ் கோட்போலே, அண்ணலின் உதவியாளர் நானக் சந்த் ரத்து காத்துவந்த பொருள்களைப் பெற்று, சிச்சோலியில் சாந்திவனம் என்னும் இடத்தில் சேர்த்தார். அண்ணலின் உடைகளும் தட்டச்சுப் பொறியும் அவற்றுள் அடங்கும். அரசரோ செல்வரோ தொடங்கியதன்று அந்த நிலையம். அடியவர்களின் அன்பால் எழுந்தது. எனினும் அன்பு மட்டும் துணியைக் காக்கவில்லை. ஈரமும் பூச்சியும் அவ்வுடைகளைச் சிதைத்தன. பின்னர் வேதியியல் வல்லுநர்களின் உதவியை நாட வேண்டியதாயிற்று. சேர்ப்பது ஒரு நாள் வேலை. காப்பது தலைமுறை வேலை.

காக்கும் கலையிலும் தமிழ்நாடு முன்னோடியாக நின்றது. 1930-களில் சென்னை அருங்காட்சியகத்தில் அமைந்த வேதியியல் ஆய்வுக்கூடத்தில் டாக்டர் எஸ். பரமசிவன் பணியாற்றினார். குளோரைடு உப்பு வெண்கலத்துக்குள் புகுந்துவிட்டால், ஈரக்காற்றுப் படும்போதெல்லாம் பச்சைத் தூள் கிளம்பிப் படிமத்தை அரிக்கும். அதனை மின்பகுப்பு முறையால் அவர் தடுத்தார். மரக்காணத்து உப்புக்காற்று வீசும் நம் பகுதியில் உலோகப் பொருளைக் காப்போர் இதை மறத்தல் ஆகாது.

நம்மிடம் ஆய்வுக்கூடம் இல்லை. எனினும் செய்யத்தக்கவை பல உள. தாள்களைத் தரையிலும் சுவரோரத்திலும் வைத்தலாகாது; கறையான் அவ்வழியேதான் ஏறும். துருப்பிடிக்கும் குண்டூசிகளை நீக்குக. கிழிந்த தாளில் பசைநாடா ஒட்டாதீர், லேமினேஷன் செய்யாதீர், அவ்வாறு ஒட்டியதைப் பின்னர் பிரித்தெடுத்தல் அரிது. கடும் வெயிலில் காயவைத்தால் மை மங்கும். நிழலில் காற்றாட வைத்தலே தகும். ஓலைச்சுவடிக்கு எலுமிச்சைப்புல் எண்ணெய் நன்று. பறையின் தோல் ஈரத்தில் தளரும், வெப்பத்தில் வெடிக்கும். எல்லாவற்றிற்கும் மேலாக, ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண் இட்டு, கொடுத்தவர் யார், எவ்வூர், எந்நாள், அதன் கதை யாது என்பதைப் பதிவேட்டில் எழுதுக. பதிவேடு இல்லாத பொருள் பெயரில்லாத பிள்ளை போன்றது.

இவ்வளவு அக்கறை எதற்கு என்று இளைஞர்கள் கேட்கலாம். என் குடும்பத்துக் கதையையே கூறுகிறேன். செங்கற்பட்டு ஆட்சியர் டிரெமென்ஹீர் 1891-இல் அளித்த அறிக்கையை அடுத்து, 1892-இல் அரசு ஆணை பிறப்பித்து நம் மக்களுக்கு நிலம் வழங்கிற்று. பஞ்சமி நிலம் என்பது அதுவே. முதல் பத்தாண்டுகள் அதனை விற்றலாகாது. அதன் பின்னரும் நம் வகுப்பாரன்றிப் பிறர்க்கு விற்றலாகாது. என் பாட்டனாருக்கும் அத்தகைய நிலம் சிறிது இருந்தது. அதன் பட்டாவை மூங்கிற் குழலில் இட்டுக் கூரை எரவாணத்தில் செருகி வைத்திருந்தார். நிலம் கைமாறிப் போய்விட்டது என்று என் தந்தையார் முறையிடச் சென்றபோது குழலைத் திறந்தோம். உள்ளே கறையான் மண் மட்டுமே இருந்தது. அன்று எனக்குப் பன்னிரண்டு வயது. என் தந்தையார் அந்த மண்ணைக் கையில் கொட்டிப் பார்த்துக்கொண்டிருந்ததை இன்றும் மறக்கவில்லை.

ஆகவே அன்பார்ந்த இளைஞர்களே, ஒரு தாளைக் காப்பது பழம்பெருமை பேசுவதற்காக மட்டுமன்று. உரிமையைக் காப்பதற்காகவும் ஆகும். மாளிகை கட்டும் வரை காத்திருத்தல் வேண்டா. ஓர் இரும்பு அலமாரி, ஒரு பதிவேடு, பொறுப்புள்ள இருவர், ஆண்டுதோறும் ஒரு சிறு தொகை என்று தொடங்குவோம். திண்டிவனம், விழுப்புரம் பகுதிகளில் ஊர்தோறும் சென்று, முதியோர் வைத்திருக்கும் பட்டாக்களுக்கும் மனுக்களுக்கும் படி எடுப்போம். மூலத்தை உரியவரிடமே விட்டு, காக்கும் முறையைக் கற்பிப்போம். நம் சங்கம் பொன்விழாக் காணும் நாளில், இந்தத் தகரப் பெட்டி ஓர் அறையாக வளர்ந்திருக்கட்டும். அதன் பதிவேட்டின் முதல் வரியில் ஒரு மூங்கிற் குழல் இடம் பெறும். அதனை நானே கொண்டுவந்து தருகின்றேன்.