பின்பக்கம் காலியாக இருந்ததால் பிழைத்த தாள்கள்

ஒருபக்கம் மட்டும் எழுதிய தாள் கிடைத்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்? நம்மில் பலர் அதைத் திருப்பிப் பால் கணக்கு எழுதுவோம். ஜப்பானில் ஏறக்குறைய 1,300 ஆண்டுகளுக்கு முன் ஓர் அலுவலகம் இதைத்தான் செய்தது. அதனால்தான் அந்நாட்டின் மிகப் பழைய குடும்பப் பதிவேடுகள் இன்றும் இருக்கின்றன.

702-ஆம் ஆண்டில் மினோ, சிக்குசென் முதலிய மாகாணங்களில் வீடுவாரியாகப் பெயர், வயது, உறவுமுறை எழுதித் தலைநகருக்கு அனுப்பினார்கள். வயல் பங்கிடவும் வரி வாங்கவும் அது தேவைப்பட்டது. 30 ஆண்டுகள் வைத்திருந்து கழித்துவிடலாம் என்பது சட்டம். கழித்த தாள்கள் நாரா நகரின் தோதாய்ஜி புத்தர் கோயிலைச் சேர்ந்த, சூத்திரங்களைப் படியெடுக்கும் அலுவலகத்துக்குப் போயின. காகிதம் அருமையாக இருந்த காலம். பின்பக்கத்தில் அவர்கள் தங்கள் கணக்கை எழுதினார்கள். அந்தக் கணக்குத் தாள்கள் ஷோசோயின் களஞ்சியத்தில் தங்கிவிட்டன.

பேரரசர் ஷோமு 756-ல் இறந்தபின் அரசி கோம்யோ அவருடைய பொருள்களைக் கோயிலுக்குக் கொடுத்தார். அவற்றைக் காத்த களஞ்சியம் இதுதான். தரையிலிருந்து உயர்த்திக் கட்டிய மரக் கட்டடம். உள்ளே மூடிய மரப்பெட்டிகள். ஆண்டுதோறும் இலையுதிர் காலத்தில் முத்திரை நீக்கிப் பொருள்களைப் பரிசோதிக்கிறார்கள். 1946 முதல் அவற்றில் சில நாரா தேசிய அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வருகின்றன.

இவ்வளவு காத்தும் பட்டுத் துணிகள் பல துண்டு துண்டாகிவிட்டன. 1994-ல் அவற்றைப் போலவே மறுபடி நெய்யத் தொடங்கியபோது, பழைய நூலைப் போன்ற மெல்லிய நூல் வேண்டியிருந்தது. அதைத் தரும் கொய்ஷிமாரு என்ற பட்டுப்புழு இனத்தை, அன்றைய அரசி மிச்சிகோ கைவிடாமல் அரண்மனையில் வளர்த்து வந்தார். அந்த நூல்தான் கைகொடுத்தது.

காகிதத்தின் கதையும் அப்படித்தான். மினோவில் இன்றும் கோசோ மரப்பட்டையை ஊறவைத்து, வேகவைத்து, அடித்துக் கூழாக்கிக் கையால் தாள் செய்கிறார்கள். 2014-ல் யுனெஸ்கோ அங்கீகரித்த மூன்று ஜப்பானியக் கைக்காகிதக் கலைகளில் அதுவும் ஒன்று. நைந்த ஓவியங்களைச் செப்பனிடுவோர் அவற்றின் பின்பக்கம் ஒட்டுவதற்கு மினோ தாளை நாடுகிறார்கள். புழு வளர்ப்பவரும் தாள் செய்பவரும் இல்லாமல் போனால், அருங்காட்சியகத்தில் இருப்பதைப் பழுதுபார்க்கவும் வழியிருக்காது.

உங்கள் பீரோவில் பாட்டியின் பட்டுப்புடவை இருந்தால், வருடத்துக்கு ஒருமுறை நிழலில் காற்றாட விட்டு மடிப்பை மாற்றி வையுங்கள். பழைய தாள்களை எடைக்குப் போடும் முன் பின்பக்கத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.